மறுக்கத் தெரிந்த மனிதர்

பெரியவர்கள் சொன்னால் "சரி" என்று சொல்லவே நாம் சிறு வயது முதல் பழகியிருக்கிறோம். வீட்டில் பெற்றோருக்கும் பள்ளியில் சகோதரிகளுக்கும் கீழ்ப்படிவதே நற்பண்பு என்று கற்றிருக்கிறோம். ஆனால் "முடியாது" என்று சொன்னதாலேயே ஒரு மனிதர் உயர்ந்தார் என்றால் அதை எப்படிப் புரிந்துகொள்வது? அமெரிக்கத் திரைப்பட நடிகர் சிட்னி பாய்ட்டியரின் வாழ்க்கையைப் படித்தபோது எங்கள் வகுப்பில் எழுந்த கேள்வி இதுதான்.

சிட்னியின் பெற்றோர் பஹாமாஸ் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கேட் தீவில் தக்காளி பயிரிட்டு வாழ்ந்த ஏழைகள். விளைந்ததை விற்பதற்காக அமெரிக்காவின் மயாமி நகருக்குச் சென்றிருந்தபோது, 1927ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், மாதம் நிறையாமலே சிட்னி பிறந்தார். குழந்தை பிழைக்காது என்று எண்ணிய தந்தை ரெஜினால்டு, அடக்கம் செய்வதற்காகச் செருப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்துவிட்டார். தாய் ஈவ்லினோ அதை ஏற்க மறுத்தார். ஆகவே, மறுக்கும் குணம் சிட்னிக்குத் தாய்ப்பாலோடு வந்தது என்றே நாங்கள் சொல்லுவோம்!

மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும் இல்லாத அத்தீவில் வளர்ந்த அவருக்குப் பள்ளிப் படிப்பு மிகச் சில காலமே கிட்டியது. நமது வயதில், அதாவது 15 வயதில், அவர் மயாமிக்கு அனுப்பப்பட்டார். கறுப்பினத்தவர் எங்கே உட்காரலாம், எந்த வாசலில் நிற்கலாம் என்பதையெல்லாம் நிறத்தைப் பார்த்தே விதித்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டே நியூயார்க் சென்று உணவு விடுதிகளில் பாத்திரம் கழுவினார்.

ஒரு நாள் செய்தித்தாள் விளம்பரத்தைக் கண்டு 'அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர்' என்ற நாடகக் குழுவிடம் சென்றார். வசனத்தை வாசிக்கச் சொன்னார்கள். அவரோ எழுத்துக் கூட்டித் தட்டுத் தடுமாறினார். பேச்சிலும் தீவு வாடை வீசியது. "போய்ப் பாத்திரம் கழுவு" என்ற பொருளில் திட்டி, அங்கிருந்தவர் அவரை வெளியே அனுப்பிவிட்டார். அவர் செய்துவந்த வேலை அதுதான் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. 'என்னைப் பார்த்தவுடன் இவருக்கு அப்படியா தோன்றுகிறது?' என்ற எண்ணம் சிட்னியின் நெஞ்சில் தைத்தது. அந்தத் தீர்ப்பை ஏற்க அவர் மறுத்தார்.

வானொலி அறிவிப்பாளர்களைக் கேட்டுக் கேட்டு உச்சரிப்பைத் திருத்திக் கொண்டார். அவர் வேலை செய்த விடுதியில் வயது முதிர்ந்த யூத சர்வர் ஒருவர் இருந்தார். சிட்னிக்குச் சரியாக வாசிக்கத் தெரியாது என்று அறிந்து, இரவு வேலை முடிந்தபின் அருகில் அமர்ந்து செய்தித்தாளை வாசிக்கக் கற்றுக் கொடுத்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சிட்னிக்கு ஒரு குறை இருந்தது: அந்தப் பெரியவருக்கு நேரில் நன்றி சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. பிறகு அவர் அதே நாடகக் குழுவிடம் திரும்பிச் சென்று, கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிறேன், பதிலுக்கு நடிப்புச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டுச் சேர்ந்தார். 1950ஆம் ஆண்டு 'நோ வே அவுட்' என்ற படத்தில் மருத்துவராக நடித்தார்.

இனி வருவதுதான் எங்களை மிகவும் சிந்திக்க வைத்த நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு ஒரு வேடம் வந்தது. அது ஒரு துப்புரவுப் பணியாளரின் வேடம். கொடியவர்கள் அவருடைய குழந்தையைக் கொன்றுவிடுகிறார்கள். அவரோ ஒன்றும் செய்யாமல் வாய்மூடி இருக்கிறார். அப்போது சிட்னியின் மனைவிக்குப் பிரசவ காலம். மருத்துவமனைச் செலவுக்குக் கையில் பணம் இல்லை. இருந்தும் அந்த வேடத்தை மறுத்துவிட்டு, வீட்டுச் சாமான்களின் பேரில் 75 டாலர் கடன் வாங்கினார்! எதற்காக மறுத்தார்? 'என் தந்தை அப்படி இருந்திருக்க மாட்டார்' என்பதே காரணம்.

இதைப் படித்ததும் எங்களுக்குள் வாதம் எழுந்தது. "அது வீண் கௌரவம் அல்லவா?" என்றாள் ஒருத்தி. "என் அப்பா என் கட்டணத்துக்காக எத்தனையோ ஏச்சுப் பேச்சுகளைப் பொறுத்துக் கொண்டு வேலைக்குப் போகிறார். அவருக்கு மானம் இல்லையா?" என்றாள் மற்றொருத்தி. வகுப்பே மௌனமாகிவிட்டது. பிறகு நாங்கள் ஒன்றைக் கவனித்தோம். சிட்னி மறுத்தது துப்புரவுத் தொழிலை அல்ல. அவரே துடைப்பம் பிடித்தவர், எச்சில் தட்டுக் கழுவியவர். ஏழைத் தகப்பனுக்கு நெஞ்சில் ஒன்றுமே இல்லை என்று காட்டும் பொய்யைத்தான் அவர் மறுத்தார். பொறுத்துக் கொள்ளும் தந்தைக்கும் நெஞ்சு உண்டு. அது தம் பிள்ளைகளுக்காகவே துடிக்கிறது.

இப்படி மறுக்கத் தெரிந்தவர் திரையில் மறுக்க முடியாமல் தோற்றது ஓர் அருட்சகோதரியிடம்! 1963இல் வந்த 'லில்லீஸ் ஆஃப் தி ஃபீல்ட்' என்ற படத்தைச் சென்ற ஆண்டு எங்கள் பள்ளி அரங்கில் கண்டோம். பாலைவனத்தில் வாழும், ஜெர்மன் மொழி பேசும் ஐந்து சகோதரிகளிடம், காருக்குத் தண்ணீர் கேட்டு வருகிறார் ஹோமர் ஸ்மித். அவர் கத்தோலிக்கர் அல்லர். கூலி கேட்டால் அன்னை மரியா கடவுளுக்கு நன்றி சொல்லுகிறார். புறப்படுகிறேன் என்றால் சிற்றாலயம் கட்ட வேண்டும் என்கிறார். அரங்கில் எங்களைவிட உரக்கச் சிரித்தவர்கள் எங்கள் சகோதரிகளே! 14 நாள்களில் எடுக்கப்பட்ட இந்த எளிய படத்துக்காக, 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் சிட்னிக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருது கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. மற்றொரு கறுப்பினத்தவரான டென்சல் வாஷிங்டன் அதைப் பெற 2002 வரை, 38 ஆண்டுகள் ஆயின.

1967இல் வந்த 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' படத்தில் செல்வச் சீமான் ஒருவர் சிட்னியை அறைகிறார். சிட்னி உடனே திருப்பி அறைகிறார். அந்தக் காட்சியை வெட்டக்கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். மறு கன்னத்தைக் காட்டுமாறு கற்ற எங்களுக்கு இது சற்று இடித்தது. ஆயினும், காலமெல்லாம் ஒரு பக்கமே அடித்து வந்த நாட்டில், அடிப்பவனுக்கும் அது ஒரு பாடமாக இருந்திருக்கும் என்று எண்ணிக் கொண்டோம். குறையே இல்லாத நல்லவராக மட்டும் நடிக்கிறார் என்று அவருடைய இனத்தவரிலேயே சிலர் குறை கூறினர். தனி ஒருவராக ஓர் இனத்தின் பெயரைச் சுமப்பவருக்கு இந்தச் சுமையும் சேர்ந்தே வரும் போலும்.

பின்னர் 1997 முதல் 2007 வரை ஜப்பானுக்கான பஹாமாஸ் நாட்டுத் தூதராகவும் பணியாற்றிய சிட்னி, 2022ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் தமது 94ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அன்புத் தோழியரே! கீழ்ப்படிதலும் மறுத்தலும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் நினைத்திருந்தோம். சிட்னி "முடியாது" என்று சொன்ன அந்த வேளையில், கேட் தீவின் தக்காளித் தோட்டத்தில் உழைத்த தம் தந்தைக்கே அவர் கீழ்ப்படிந்தார். நாளை நம்மிடமும் யாரேனும் தகாததைக் கேட்கலாம். அப்போது மறுக்கும் துணிவும், அதற்கான 75 டாலரைக் கொடுக்கும் துணிவும் நமக்கு வேண்டும்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி