மாமாவின் மினி டிரக்குக்கு எந்தப் பம்ப்?

கெங்கவல்லி பக்கம் மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் கோழி எரு போடுவாங்க. நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரியில வந்து ரோட்டோரம் குவியும். அங்கிருந்து காடு காடா கொண்டுபோய்ச் சேர்க்கிறது எங்க மாமாவோட மினி டிரக். இறக்குறதுதான் பாடு. மேலே ஏறி வாரித் தள்ளணும், அம்மோனியா கண்ணைக் கரிக்கும். இடுப்பு டிஸ்க் நகர்ந்ததுக்கப்புறம் டாக்டர் மாமாவைக் குனியவே கூடாதுன்னுட்டார். "மாப்ள, மெக்கானிக்கல்தானே படிக்கிற, டிப்பர் ஆக்க எந்தப் பம்ப் போடலாம்னு பாத்துச் சொல்லு"ன்னார்.

பட்டறைக்காரர் ஒரே வார்த்தையில முடிச்சிட்டார்: பி.டி.ஓ. கியர் பம்ப். கல்குவாரி டிப்பர்ல அதுதான். ஆனா மாமா வண்டி கியர்பாக்ஸில் பி.டி.ஓ. எடுக்க இடமே இல்லை. மீதி இருந்தது கைப்பம்பும் 12 வோல்ட் பவர் பேக்கும்.

கணக்குப் போட்டேன். சரக்கு 750 கிலோ, பாடி 250, மொத்தம் 1000. 7 அடி பாடி, அதனால எடை கீலிலிருந்து 1.05 மீட்டர்ல இறங்கும். சிலிண்டர் கீலிலிருந்து 0.7 மீட்டர்ல, 30 டிகிரி சாய்வில். அந்தச் சாய்வுதான் வில்லன். பாடி படுத்திருக்கும்போது சிலிண்டர் தள்ளுறதுல பாதி வீணாகுது. 1 டன்னைத் தூக்க 3 டன் விசை வேணும். ஏற ஏறக் குறைஞ்சிடும். 60 மி.மீ. போர்னா சுமார் 104 பார் அழுத்தம். ஈர எரு சரியணும்னா 45 டிகிரியாவது தூக்கணும், அதுக்கு அரை மீட்டர் ஸ்ட்ரோக், 1.4 லிட்டர் ஆயில். கைப்பம்ப் ஒரு அடிக்கு 8 சிசி தள்ளினா 177 அடி. டிஸ்க் போன மனுஷனுக்கு அது ஆகாது.

பவர் பேக்னா, 20 செகண்டில் தூக்க நிமிஷத்துக்கு 4.2 லிட்டர். மோட்டார், பம்ப் இழப்பெல்லாம் சேர்த்தா சுமார் 1.1 கிலோவாட், அதாவது 12 வோல்ட்டில் 90 ஆம்பியருக்கு மேல! "பேட்டரி படுத்துடும்டா"ன்னார் மாமா. ஆனா அது 20 செகண்டுக்குத்தான். ஒரு தடவைக்கு அரை ஆம்பியர்-அவர் சொச்சம். நாளைக்கு 8 நடைக்கு 5 கூட வராது, நடுவுல ஆல்டர்னேட்டர் திருப்பி ஏத்திடும். இதே 40 நடை அடிக்கிற மண் வண்டியா இருந்தா இந்த மோட்டார் சூடாகிச் செத்துடும். அங்க பட்டறைக்காரர் சொல்றதுதான் சரி. டன்னைவிட நடைக்கணக்குதான் பம்பைத் தீர்மானிக்குது.

கேபிள்ல கஞ்சத்தனம் கூடாது. போக வர 6 மீட்டருக்கு 6 ஸ்கொயர் ஒயர் போட்டா ஒன்றரை வோல்ட்டுக்கு மேல ஒயரிலேயே போயிடும். 25 ஸ்கொயர்னா அரை வோல்ட்டுக்குள்ள.

ரிலீஃப் வால்வை 130 பாருக்கு வைக்கச் சொன்னேன். அதுக்குத்தான் மாமா முறைச்சார். "எரு நனைஞ்சு கனத்துப்போனா?" தூக்காது மாமா, கொஞ்சம் கம்மியா ஏத்துங்க. பவர் பேக், சிலிண்டர், சப்-ஃபிரேம் எடையும் அந்த 750-லிருந்துதான் கழியுதுன்னு சொன்னப்போ இன்னும் முறைச்சார்.

சிலிண்டர் சிங்கிள் ஆக்டிங். பாடி தன் எடையிலேயே இறங்கும். அதனால ஹோஸ் வெடிச்சா பாடி அப்படியே விழும். சிலிண்டர் வாயிலேயே ஹோஸ் பர்ஸ்ட் வால்வு, சேஸிஸ்ல ஒரு சப்போர்ட் ராடு, இந்த ரெண்டையும் எழுதிக் கொடுத்திருக்கேன். பாடியைத் தூக்கிட்டுக் கீழ தலையை விட்டு கிரீஸ் அடிக்கிறது மாமாதானே.

வண்டியை மாத்துறதுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கணும். அந்த ஃபைலோட மாமா அடுத்த வாரம் போறார்.