உப்புக்காற்றும் கைக்கடிகாரமும்

புத்தளம் மாவட்டத்துக் கரையோர ஊராகிய கனமூலையில் எப்பொருளின் உறுதியையும் முதலிற் சோதிப்பது காற்றேயாகும். கதவுப் பிணைச்சலையும் துவிச்சக்கரவண்டிச் சங்கிலியையும் அரிக்கும் உப்பீரம் மணிக்கட்டிலுள்ள கடிகாரத்தையும் விட்டுவைப்பதில்லை. விலையுயர்ந்த பொறிமுறைக் கடிகாரமா, எளிய குவார்ட்ஸ் கடிகாரமா நீடித்து உழைக்கும் என்னும் வினா இத்தகைய ஊரிலேயே கூர்மை பெறுகின்றது.

பொறிமுறைக் கடிகாரத்தின் உயிர் அதன் சுருள்வில்லாகும். வில் தளருகையிற் பற்சில்லுகள் சுழல, சமநிலைச் சில்லு இருபுறமும் ஆடி நேரத்தை அளக்கின்றது. உயர்தரக் கடிகாரங்கள் பலவற்றில் இது மணிக்கு 28,800 தடவை அடிக்கின்றது. இந்த ஓயாத அசைவினால் எண்ணெய் வற்றி உறுப்புகள் தேய்கின்றன. எனவே சில ஆண்டுகளுக்கொருமுறை அதனைக் கழற்றித் துடைத்து எண்ணெயிடல் அவசியமாகின்றது. அச்செலவிலேயே புதிய குவார்ட்ஸ் கடிகாரங்கள் பலவற்றை வாங்கிவிடலாம்.

1969 டிசம்பர் 25 இல் யப்பானின் சீக்கோ நிறுவனம் முதலாவது குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரங்களிற் படிகம் பொதுவாக விநாடிக்கு 32,768 தடவை அதிர்கின்றது. பொறிமுறைக் கடிகாரம் நாளொன்றில் சில விநாடிகள் பிசக, சாதாரண குவார்ட்ஸ் மாதமொன்றிற் பதினைந்து விநாடியளவே பிசகும். அசையும் உறுப்புகள் குறைவாதலின் அதிர்ச்சியையும் அது நன்கு தாங்குகின்றது. எனினும், தீர்ந்த பற்றரியை அகற்றாதுவிடின் அது கசிந்து மின்சுற்றைக் கெடுத்துவிடும். கெட்ட சுற்றைச் செப்பனிடுவோர் அரிது.

உப்புக்காற்றோ இவ்விரண்டின் விலையையும் நோக்குவதில்லை. அதனைத் தடுப்பது உறையினுள் இருக்கும் இறப்பர் வளையமே. நாள்தோறும் சாவி கொடுக்கும் கடிகாரத்திற் குமிழருகே அவ்வளையம் தேய்கின்றது. குவார்ட்ஸிலோ பற்றரி மாற்றுகையில் வளையம் ஒழுங்காகப் பொருந்தாவிடின் ஈரம் உட்புகும்.

இந்தியாவில் 1961 முதல் கடிகாரம் செய்துவந்த எச்.எம்.ரி.யின் கடிகார நிறுவனத்தை மூட அந்நாட்டரசு 2016 இல் முடிவுசெய்தது. எனினும் அதன் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் இன்றும் பழுதுபார்க்கப்பட்டு ஓடுகின்றன. அவை ஆடம்பரப் பொருள்களல்ல. சாதாரண ஊழியரின் கையை அணிசெய்தவை. அவற்றை வாழவைப்பது விலையன்று, பழுதுபார்ப்போரின் கைத்திறனே.

ஆகவே, அன்றாட உழைப்பிற்குக் குவார்ட்ஸே ஏற்றது. தலைமுறை கடந்து நிலைக்கும் ஆற்றல் பொறிமுறைக் கடிகாரத்திற்கு உண்டு. ஆயின், அதனைத் திறந்து செப்பனிடத் தெரிந்தவர் அருகில் இல்லாத ஊரில், எத்துணை விலையுயர்ந்ததாயினும் அது ஓடாத அணிகலனாகவே எஞ்சும்.