கல்கத்தாவின் பந்தாட்ட மைதானம்

தேச யாத்திரை செய்கிறவர்கள் சாதாரணமாகக் கோவில், கோட்டை, பொருட்காட்சிசாலை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பி விடுகிறார்கள். ஒரு நகரத்தின் கட்டடங்களைப் பார்க்க அது போதும். நகரத்தின் ஜனங்களைப் பார்க்க வேண்டுமானால், அவர்கள் பெருங் கூட்டமாகக் கூடித் தங்களை மறந்திருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் பந்தாட்ட மைதானத்தை மிஞ்சியது வேறில்லை என்பது நமது அபிப்பிராயம். கல்யாணப் பந்தி ஒன்று உண்டுதான். ஆனால் அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு போக முடியாது.

உலகமெங்கும் பந்தாட்ட ரஸிகர்கள் க்ஷேத்திரங்களைப் போலச் சில மைதானங்களைப் போற்றுகிறார்கள். லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 1923-ஆம் வருஷம் முதல் இறுதி ஆட்டம் நடந்தபோது ஜனங்கள் ஆடுகளத்துக்குள்ளேயே வெள்ளமாக நிரம்பிவிட, வெள்ளைக் குதிரைமேல் வந்த ஒரு போலீஸ்காரர் அவர்களை ஓரத்துக்கு ஒதுக்கிய கதையை இன்றும் சொல்லுகிறார்கள். பிரேஸில் தேசத்து மரக்கானாவில் 1950-இல் ஏறக்குறைய இரண்டு லக்ஷம் பேர் கூடி, உருகுவே ஜெயித்ததும் மயானம்போல் மௌனமாகிவிட்டார்களாம். ஜெர்மனியில் டார்ட்மண்டு நகரத்தில் ஒரே பக்கத்து மேடையில் சுமார் 25,000 பேர் மஞ்சள் உடுப்புடன் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள். இவையெல்லாம் பிரமாதமானவைதான். ஆனால் கப்பல் ஏறாமல், விமானமும் ஏறாமல், சென்னையில் ரயில் ஏறியே போய்ச் சேரக்கூடிய ஒரு க்ஷேத்திரம் நமது தேசத்தில் இருக்கிறது. அதுதான் கல்கத்தா. 2001 முதல் கொல்கத்தா என்று பெயரை மாற்றிவிட்டார்கள். நமக்குப் பழைய பெயர் நாக்கில் படிந்துவிட்டது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்கத்தாவில் "மைதானம்" என்றால் ஏதோ ஒரு மைதானம் அல்ல, ஒரே மைதானந்தான். பிளாஸி யுத்தத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர் வில்லியம் கோட்டையைப் புதிதாகக் கட்டினார்கள். கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே எந்த மறைவும் இருக்கக் கூடாதென்று சுற்றிலும் காட்டை வெட்டி வெட்டவெளியாக்கினார்கள். பீரங்கிக்காக ஏற்பட்ட வெளி பிற்பாடு பந்துக்காக ஆயிற்று. இன்றைக்கும் அந்த நிலம் ராணுவத்தைச் சேர்ந்தது. ஆகையால் அங்கே இஷ்டப்படி பெரிய கட்டடம் எழுப்ப முடியாது. எத்தனையோ சங்கங்கள் அங்கே இருந்தும், அவற்றின் இருப்பிடத்துக்கு "டென்ட்" என்றே பெயர். கூடாரத் துணி மறைந்து கூரையும் சுவரும் வந்துவிட்ட பிறகும் பெயர் மாறவில்லை.

காலை வேளையில் அந்தப் புல்வெளி வழியாக நடப்பது கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆடு மேய்கிறது, பையன்கள் பந்து உதைக்கிறார்கள், ஹூக்ளி நதியின் பக்கமிருந்து காற்று வருகிறது, ஆலமரத்தடியில் மண் குவளையில் தேநீர் கிடைக்கிறது. டென்டுகளில் ரொட்டி டோஸ்டும் "ஸ்ட்யூ" என்னும் நீர்த்த குழம்பும் தருகிறார்கள். மாமிசம் சாப்பிடுகிறவர்கள் அதைத் தேவாமிருதம் என்று வர்ணிக்கிறார்கள். நாம் டோஸ்டோடு நிறுத்திக்கொண்டோம்.

தேநீர்க்காரர் ஒருவர், வயது எழுபது இருக்கும், குவளையை நம் கையில் கொடுத்துக்கொண்டே, "தாதா, தாங்கள் எந்தக் கட்சி?" என்று கேட்டார்.

"நாங்கள் சென்னைப் பக்கம்" என்றோம்.

"அது ஊர், தாதா. நான் கேட்டது கட்சி."

இந்தக் கேள்வியின் தாத்பரியம் விளங்க வேண்டுமானால் 1911-ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் கால்பந்து என்பது பட்டாளத்தாரின் விளையாட்டு. ஐ.எப்.ஏ. கேடயம் என்னும் பந்தயத்தை எந்த இந்தியச் சங்கமும் ஜெயித்ததில்லை. 1889-இல் ஏற்பட்ட மோஹன் பாகான் என்னும் வங்காளிகளின் சங்கம் அந்த வருஷம் மிட்டில்ஸெக்ஸ் பட்டாளத்தைத் தோற்கடித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே இருந்தது ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளம். வெள்ளைக்காரர் அனைவரும் கனத்த பூட்ஸ் அணிந்திருந்தார்கள். வங்காளிகளில் ஒருவரைத் தவிர மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால்.

ஜூலை மாதம் 29-ஆம் தேதி ஆட்டம். பர்த்வானிலிருந்து விசேஷ ரயில் விட்டார்கள். நதியில் நீராவிப் படகுகள் வந்தன. வந்தவர்கள் அறுபதினாயிரம் என்பாரும் உண்டு; ஒரு லக்ஷம் என்பாரும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பந்தைக் கண்ணால் பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். மரத்தில் ஏறினார்கள், பெட்டிகளை அடுக்கி மேலே நின்றார்கள். பின்னால் நின்றவர்களுக்குக் கணக்குத் தெரிவதற்காகக் காற்றாடி பறக்க விட்டார்கள். ஆகாயத்தைப் பார்த்தே ஆட்டத்தை அறிந்துகொண்ட கூட்டம் அது.

முதல் கோலை யார்க்ஷயர்காரர்கள் போட்டார்கள். கூட்டத்தின் நெஞ்சு எப்படி இருந்திருக்கும்! பிறகு மோஹன் பாகான் தலைவர் ஷிப்தாஸ் பாதுரி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தபோது அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டார். 2-1. இரவு முழுவதும் கல்கத்தா தூங்கவில்லை. ஹிந்துக்களுக்குச் சமமாக முஸ்லிம்களும் ஆனந்தக் கூத்தாடினார்கள் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. வங்காளிகள் தேக பலமற்றவர்கள் என்று ஆட்சியாளர் அரை நூற்றாண்டாகச் சொல்லிவந்த பேச்சுக்குப் பூட்ஸ் இல்லாத கால்கள் பதில் சொல்லிவிட்டன. ஜூலை 29-ஐ அந்தச் சங்கத்தார் இன்னமும் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இதைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. வெற்றி பெற்ற ஆட்டக்காரர்களிடம் ஒருவர் வந்து, வில்லியம் கோட்டையின்மேல் பறந்த ஆங்கிலக் கொடியைச் சுட்டிக் காட்டி, "இதைச் செய்துவிட்டீர்கள்; அதை எப்போது இறக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டாராம். "அடுத்த தடவை நாம் கேடயம் ஜெயிக்கும்போது" என்று பதில் வந்ததாம். கதை உண்மையோ, பின்னால் கட்டியதோ. மோஹன் பாகான் இரண்டாவது தடவையாக அந்தக் கேடயத்தை ஜெயித்த வருஷம் 1947 என்பது மட்டும் கதையல்ல, சரித்திரம்.

அந்த 1947-இல் அவர்களிடம் 1-0 என்று தோற்றுப்போன கோஷ்டி எது? ஈஸ்ட் பெங்கால். தேநீர்க்காரர் கேட்ட கட்சிகள் இவை இரண்டுந்தான். கறுப்பு வெள்ளை உடுப்புக்காரர்களான முகமதன் ஸ்போர்ட்டிங் சங்கத்தையும் மறந்துவிடக் கூடாது. 1934 முதல் 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ச்சியாகக் கல்கத்தா லீகை ஜெயித்த மகா சூரர்கள் அவர்கள். ஆனால் நகரத்தை இரண்டாகப் பிளப்பது மற்ற இரண்டு சங்கங்களே.

கிழக்கு வங்காளத்திலிருந்து கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்தவர்களை மேற்கு வங்காளத்தார் "பாங்கால்" என்று பரிகசிப்பது வழக்கம். மேற்கத்தியாருக்கு அவர்கள் திரும்பக் கொடுத்த பெயர் "கோட்டி." (திருநெல்வேலி வாசகர்கள் சிரிக்க வேண்டாம், அங்கே அதற்கு வேறு அர்த்தம்.) கிழக்கத்தியாருக்கென்று 1920-ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதி ஏற்பட்டது ஈஸ்ட் பெங்கால் சங்கம். 1925-இல் லீகில் இரண்டும் முதல் முதலாக மோதியபோது புதியவர்கள் 1-0 என்று ஜெயித்தார்கள். அதுவரையில் இது ஊர்ச் சண்டை.

தேசப் பிரிவினைக்குப் பிறகு இது ஊர்ச் சண்டையாக இருக்கவில்லை. டாக்காவிலும் பாரிஸாலிலும் வீடு, குளம், தோப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு லக்ஷக்கணக்கான குடும்பங்கள் சியால்தா ரயில் நிலையத்தில் வந்து இறங்கின. பிளாட்பாரத்தில் குடியிருந்தன, பிறகு நகரத்தின் தெற்கே ஜாதவ்பூர்ப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டன. அவர்களுக்குக் கிழக்கு வங்காளம் என்ற பெயரில் பூமியில் ஒரு சாண் இடமும் மிச்சமில்லை. பந்தாட்டச் சங்கத்தின் பெயரில் மட்டும் அது மிச்சமிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சிவப்பும் பொன்னும் கலந்த உடுப்புடன் பதினொரு பேர் புல்தரையில் இறங்கினால், போன ஊர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. 1970 முதல் 1975 வரை ஆறு வருஷம் ஈஸ்ட் பெங்கால் விடாமல் லீகை ஜெயித்தபோது அந்தக் குடியிருப்புகளில் இருந்த குதூகலத்தைக் கிழவர்கள் இன்னமும் கண்ணில் நீர் ததும்பச் சொல்லுகிறார்கள்.

சண்டை சமையலறைக்கும் வந்துவிட்டது. நாம் உல்லம் என்று சொல்லும் "இலிஷ்" மீன் ஈஸ்ட் பெங்காலுக்கு அடையாளம். இறால் மோஹன் பாகானுக்கு. ஜெயித்த கட்சிக்காரர் வீட்டில் அன்றைக்கு அந்த மீன் சமைத்தாக வேண்டும். ஆட்டத்து மறுநாள் கடைத்தெருவில் விலை ஏறுவதைக் கொண்டே முடிவைத் தெரிந்துகொள்ளலாம் என்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் நடுவே சம்பந்தம் செய்துகொண்ட வீடுகள் பல உண்டு. அந்த வீட்டுக் குழந்தைகள் எந்தப் பக்கம் என்பது பெரும் விசாரணைக்குரிய விஷயம்.

மைதானத்துச் சங்கங்களின் சொந்த ஆடுகளங்கள் சிறியவை. இடம் கிடைக்காதவர்கள் அட்டைப் பெட்டியில் இரண்டு கண்ணாடித் துண்டுகளை வைத்துச் செய்த "பெரிஸ்கோப்" கருவியைத் தூக்கிப் பிடித்து, முன்னால் இருப்பவர்களின் தலைக்கு மேலாக ஆட்டம் பார்த்த காலம் ஒன்று இருந்தது. நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஏற்பட்ட சாதனம் இப்படிப் புல்தரைக்கும் பயன்பட்டது.

பெரிய ஆட்டங்களுக்கு 1984-இல் சால்ட் லேக் என்னும் புறநகரில் ஒரு லக்ஷத்து இருபதினாயிரம் பேர் கொள்ளும் யுவ பாரதி அரங்கைத் திறந்தார்கள். அங்கே 1997-ஆம் வருஷம் ஜூலை 13-ஆம் தேதி நடந்த பெடரேஷன் கோப்பை அரை இறுதிதான் சிகரம். மோஹன் பாகானின் பயிற்சியாளர் அமல் தத்தா வைரக்கல் வடிவத்தில் ஆட்களை நிறுத்தும் புது வியூகத்தைப் பற்றி வாரக் கணக்கில் பேசினார். எதிர்ப் பக்கத்துப் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. பத்திரிகைகள் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றின. வந்த கூட்டம் 1,31,781. வியூகம் சிதறிற்று, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது, சிக்கிம் வாலிபர் பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோரின் உலகக் கோப்பைக்காக அங்கே தனித்தனி நாற்காலி போட்டபோது எழுபதினாயிரத்துக்கும் குறைவாக இடம் சுருங்கிவிட்டது. அதற்காகச் சிலர் வருத்தப்படுகிறார்கள், நாம் வருத்தப்படவில்லை.

காரணம், 1980-ஆம் வருஷம் ஆகஸ்டு 16. ஈடன் தோட்ட மைதானத்தில் இதே இரண்டு சங்கங்களின் லீக் ஆட்டம். இரண்டு கட்சிக்காரரையும் கலந்து உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு ஆட்டக்காரர்களை நடுவர் வெளியேற்றியதும் மேல் மேடையில் கைகலப்பு மூண்டது. கல் பறந்தது, ஜனங்கள் படிக்கட்டுகளை நோக்கி ஓடினார்கள், விழுந்தவர்கள்மேல் மற்றவர்கள் ஏறி ஓடினார்கள். பதினாறு பேர் மாண்டார்கள். ஆட்டத்தில் ஒரு கோல்கூட விழவில்லை. அந்தத் தேதியில் வருஷந்தோறும் ரஸிகர்கள் வந்து ரத்ததானம் செய்கிறார்கள். ஆட்டத்தின் உற்சாகத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பதினாறு பேரைத் தாண்டிப் போய்விடக் கூடாது. உயிருக்கு உயிரான அபிமானம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

நாம் சால்ட் லேக்கில் ஓர் ஆட்டம் பார்த்தோம். இரண்டு கட்சிக்கும் இரண்டு வழி, இரண்டு வாயில். லாரிகளில் கொடியுடன் வந்து இறங்குகிறார்கள். "ஜொய் மோஹன் பாகான்!" என்று ஒரு பக்கம், "ஜொய் ஈஸ்ட் பெங்கால்!" என்று மறுபக்கம். வேர்க்கடலைக்காரன் இரண்டு பக்கமும் விற்கிறான்; அவன் கட்சி என்னவென்று கேட்டதற்குச் சிரித்தான். அரங்கத்துக்குள் நுழைந்ததும் காதால் கேட்பதற்கு முன்னால் பாதத்தால் கேட்கிறோம். சிமெண்டுத் தரையே அதிர்கிறது. பச்சையும் அரக்குமாக ஒரு பாதி, சிவப்பும் பொன்னுமாக ஒரு பாதி. பேத்தியைத் தோளில் தூக்கி வைத்திருந்த ஒரு தாத்தா, நடுவரைப் பார்த்து உபயோகித்த வார்த்தைகளை நமக்கு மொழிபெயர்த்துச் சொல்ல மறுத்துவிட்டார்.

ரஸிகர்கள் ராக்ஷஸப் பிரமாணத்தில் சித்திரத் துணி விரிப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. 2020 ஜனவரியில், குடியுரிமைப் பத்திரங்களைப் பற்றித் தேசத்தில் விவாதம் நடந்துகொண்டிருந்த சமயம், இந்த மண்ணை ரத்தம் கொடுத்து வாங்கினோமே தவிரக் காகிதம் கொடுத்தல்ல என்ற கருத்துடன் ஈஸ்ட் பெங்கால் பக்கத்தில் ஒரு துணி விரிந்தது. சியால்தா பிளாட்பாரத்தில் தூங்கியவர்களின் பேரப் பிள்ளைகள் எழுதியது அது. மோஹன் பாகான்காரருக்கும் அவர்களுடைய துக்கம் உண்டு. 2020-இல் ஒரு கம்பெனிச் சங்கத்துடன் இணைந்ததில், மோஹன் பாகானுக்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்துக்கள் ஒட்டிக்கொண்டன. அவற்றை எடுக்கச் சொல்லி மூன்று வருஷம் கிளர்ச்சி செய்தார்கள். 2023-இல் எழுத்துக்கள் போயின.

2024-ஆம் வருஷம் ஆகஸ்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் பெண் டாக்டர் ஒருவர் பணியிடத்திலேயே கொடூரமாகக் கொலையுண்டு, நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டு 18-ஆம் தேதி இரண்டு சங்கங்களும் டியூராண்டு கோப்பையில் மோதுவதாக இருந்தது. பாதுகாப்புப் போதாதென்று ஆட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் ஆயிரக்கணக்கான ரஸிகர்கள் சால்ட் லேக் அரங்குக்கு வெளியே வந்து நியாயம் கேட்டுக் கோஷமிட்டார்கள். முகமதன் சங்கத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. அந்தக் கூட்டத்தில் மோஹன் பாகான் உடுப்பணிந்த ஒருவர் ஈஸ்ட் பெங்கால்காரரைத் தோளில் சுமந்து நின்ற படம் மறுநாள் தேசமெங்கும் பரவிற்று.

அக்டோபர் 19-ஆம் தேதி அதே அரங்கில் லீக் ஆட்டம் வந்தது. பழையபடி இரண்டு வாயில், இரண்டு நிறம், ஒருவரையொருவர் பழையபடி ஏச்சு. மோஹன் பாகான் 2-0 என்று ஜெயித்தது.