பீரோ சாவி யாரிடம்?

ஹைதராபாத் பழைய நகரத்தில் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிக்கும் சொந்தக் கட்டடம் கிடையாது. வாடகை வீட்டில் நடப்பவை உண்டு. ஒரே கட்டடத்தை உருது வழிப் பள்ளியும் தெலுங்கு வழிப் பள்ளியும் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் நூலகம் என்று கேட்டால் தனி அறை எதையும் தேடக் கூடாது. ஹெட்மாஸ்டர் அறையில், மதிய உணவுக் கணக்கு நோட்டுகளுக்கும் அச்சு கழன்ற பூமி உருண்டைக்கும் பக்கத்தில் ஓர் இரும்பு பீரோ நிற்கும். அதுதான் நூலகம். கதவில் பூட்டு. சாவி மேஜை டிராயரில்.

பீரோவுக்குள் இருப்பது மோசமான சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நேஷனல் புக் டிரஸ்டின் படக்கதைகள், பிரதம் புக்ஸின் இருமொழிப் புத்தகங்கள், செகந்திராபாத்திலிருந்தே வெளிவரும் 'மஞ்சி புஸ்தகம்' பதிப்பகத்தின் மெல்லிய தெலுங்குக் கதைகள் என்று யாரோ யோசித்து வாங்கியவை இருக்கலாம். பலவற்றில் மடிப்புகூட விழுந்திருக்காது. பக்கங்களைத் திருப்பினால் அச்சு மை வாசனை வரும். வாங்கிய ஆண்டைப் பார்த்தால்தான் திகைப்பாக இருக்கும்.

புத்தகம் இல்லை என்ற புலம்பலுக்கு இப்போது அவ்வளவு இடமில்லை. 1987-ல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்திலேயே ஆரம்பப் பள்ளிகளுக்கு நூல்கள் வழங்க ஏற்பாடு இருந்தது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், பத்திரிகைகள், கதைப் புத்தகங்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்று தன் அட்டவணையிலேயே எழுதி வைத்தது. 2018-ல் வந்த சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி நூலகங்களுக்கு மானியமும் உண்டு. ஆரம்பப் பள்ளியின் பங்கு 5,000 ரூபாய் வரை. பெரிய தொகையல்ல என்றாலும் பீரோ நிரம்ப அது போதும்.

நிரம்பிய பீரோ திறக்கிறதா என்பது வேறு கேள்வி. கிராமப்புறப் பள்ளிகளை நேரில் போய்ப் பார்க்கும் 'ஏஸர்' ஆய்வுக்காரர்கள், தாங்கள் போன அன்று பாடநூல் அல்லாத புத்தகம் எதுவும் குழந்தைகள் கையில் இருந்ததா என்று குறித்துக்கொள்வார்கள். 2018-ல் அப்படி இருந்த பள்ளிகள் சுமார் 37 சதவீதம். 2024-ல் ஏறக்குறைய பாதி. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் மீதிப் பாதியில் புத்தகங்கள் எங்கே இருந்தன?

இதற்கு ஆசிரியர்களின் சோம்பலைக் காரணம் சொல்வது எளிது. நியாயமல்ல. ஒரு பள்ளி ஆசிரியையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்புகள், இரண்டோ மூன்றோ ஆசிரியர்கள். ஆரம்பப் பள்ளியில் நூலகர் என்ற பதவி கிடையாது என்பதால், இருப்பவர்களில் இளையவர் தலையில் 'லைப்ரரி இன்சார்ஜ்' என்ற கிரீடம் வைக்கப்படும். கிரீடத்துடன் ஒரு தடித்த இருப்புப் பதிவேடும் வந்து சேரும். வரிசை எண், புத்தகத்தின் பெயர், விலை, வந்த தேதி, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். இன்று கையெழுத்துப் போட்டு வாங்கும் முந்நூறு புத்தகங்களை, இடமாற்றல் உத்தரவு வரும் நாளில் முந்நூறாகவே அடுத்தவரிடம் எண்ணிக் கொடுக்க வேண்டும். குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எழுதுவதைவிடக் கைக்காசைப் போட்டு வாங்கி வைத்துவிடுவது சுலபம். அதைவிடச் சுலபமான வழியும் ஒன்று இருக்கிறது. பூட்டைத் திறக்காமலே இருந்துவிடலாம்.

ஆக, சுவரில் எந்த விதியை எழுதி ஒட்டியிருந்தாலும் பள்ளி நூலகத்தின் உண்மையான இரவல் விதி அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. வாரம் ஒரு புத்தகம், கையைக் கழுவிவிட்டுத் தொடு, பக்கத்தை மடிக்காதே, தொலைத்தால் விலையைக் கட்டு என்ற எல்லாமே அந்தப் பயத்துக்குப் பிறந்த பிள்ளைகள்.

இவற்றில் மிகவும் பொல்லாதது கடைசிப் பிள்ளை. ஒரு படக்கதையின் விலை நாற்பதோ ஐம்பதோ இருக்கும். தினக்கூலி வீட்டில் அது ஒருநாள் காய்கறிச் செலவு. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஆசையாகக் கொண்டுவந்த புத்தகத்தை அம்மா புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. "பாப்பா கிழிச்சுட்டா யாரும்மா பணம் கட்டறது? நாளைக்கே டீச்சர்கிட்ட கொடுத்துடு." புத்தகம் அன்றிரவு தம்பி தங்கைகளுக்கு எட்டாத உயரத்தில் அரிசி டப்பாவின் மேல் தூங்கிவிட்டு, மறுநாள் மடிப்புக் குலையாமல் பள்ளிக்குத் திரும்பும். பதிவேட்டைப் பொறுத்தவரை இது உத்தமமான இரவல். தொலைத்துவிட்ட குழந்தை கதை வேறு. அது முதலில் நூலக வகுப்பன்று வயிற்றுவலி என்று சொல்லும். பிறகு பள்ளிக்கே வராமல் இருந்து பார்க்கும்.

இத்தனைக்கும் இழப்பை ஏற்றுக்கொள்ள இடம் தரும் விதி ஒன்று அரசாங்கத்திடமே இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகளை (2017) படிப்பது யாருக்கும் பொழுதுபோக்கு அல்ல. ஆனால் அதன் 215-வது விதியை ஒவ்வொரு 'லைப்ரரி இன்சார்ஜ்' கையிலும் கொடுக்கலாம். ஓராண்டில் இரவல் கொடுத்த, எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வரை தொலைவது நியாயமான இழப்பே என்கிறது அது. நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ளதோ அரிய நூலோ தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். 2005-ன் விதிகளிலும் இதே ஏற்பாடு இருந்தது.

இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி. மாநிலப் பள்ளிகளுக்கு அவரவர் விதிகள். இருந்தாலும் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நூறு குழந்தைகள், வாரம் ஒரு புத்தகம், ஆண்டில் முப்பது வாரம் என்றால் மூவாயிரம் இரவல். தொலையலாம் என்று அனுமதிக்கப்படுபவை பதினைந்து. ஐம்பது ரூபாய் வீதம் 750 ரூபாய். 5,000 ரூபாய் மானியத்தில் அது ஏழில் ஒரு பங்குக்கு மேல் சற்று. விதியின் இன்னொரு சூட்சுமம் இன்னும் அழகானது. இழப்புக்கான அனுமதி அலமாரியில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, எத்தனை முறை வெளியே போனது என்பதைப் பொறுத்தது. அதிகம் கொடுத்தவர் அதிகம் இழக்கலாம். ஒன்றையும் கொடுக்காதவருக்கு ஒன்றையும் இழக்க உரிமையில்லை. விதியை எழுதிய கணக்கு அதிகாரி யாரோ, அவருக்குள் ஒரு நல்ல நூலகர் ஒளிந்திருந்திருக்கிறார்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கேட்டால் மகிழ்ந்திருப்பார். 1931-ல் வெளிவந்த அவரது நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவதே, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்காக என்பதுதான். ஐரோப்பிய மடாலயங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த காலத்திலிருந்து அதை விளக்கத் தொடங்குகிறார். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் தேவாலயத்தில் அந்தச் சங்கிலிகளை இன்றும் பார்க்கலாம். ஆனால் சங்கிலியாவது புத்தகத்தை மேஜை வரை வரவிட்டது; பீரோ பூட்டு அதையும் செய்வதில்லை. அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் ஒரு மாட்டு வண்டியில் நூலகம் புறப்பட்டது. ஏற்பாடு செய்தவர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை, தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். வண்டியில் ஊர் ஊராகப் போகும் புத்தகத்தில் தூசும் படியும், ஒன்றிரண்டு திரும்பாமலும் போகும் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஹைதராபாத்துக்கு நூலகம் புதிதல்ல. செகந்திராபாத்தில் மகபூப் கல்லூரியை நிறுவிய சோமசுந்தரம் முதலியார் என்ற தமிழர் 1872-லேயே அங்கு நூலகம் தொடங்கியவர். மூசி நதிக்கரையில் அரண்மனை போல நிற்கும் அஃப்சல்கஞ்ச் மாநில மைய நூலகத்தின் மூலம் 1891-ல் பிறந்த ஆசஃபியா நூலகம். நிஜாம் ஆட்சியில் தெலுங்குக்கென்று ஒரு நூலகம் வைப்பதே அரசியலாகக் கருதப்பட்ட 1901-ல் ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் தொடங்கியது. இன்றைக்கு சிக்கடபல்லி நகர மைய நூலகத்துக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது. உள்ளே, மரத்தடியில், படிக்கட்டில் என்று எங்கும் அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். மனம் நிறையும் காட்சிதான். ஆனால் ஏழு வயதுக் குழந்தைக்கு அங்கே என்ன வேலை? அது தனியாகப் பஸ் ஏறிப் போகவும் முடியாது. அதற்கு வாய்த்த ஒரே நூலகம் ஹெட்மாஸ்டர் அறை பீரோ.

இதற்குப் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவுமில்லை. குஜராத்தின் கிஜுபாய் பதேகா தன் 'பகல் கனவு' நூலில் வரும் ஆசிரியரைக்கொண்டு, பாடநூல் வாங்கும் காசில் கதைப் புத்தகம் வாங்கி வகுப்பறை நூலகம் அமைக்க வைத்தார். தமிழிலும் பலர் படித்துவிட்ட 'டோட்டோ-சான்' புத்தகத்தில் பழைய ரயில் பெட்டி ஒன்று நூலகமாக வந்து நிற்கும். எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், வீட்டுக்கும் கொண்டுபோகலாம், படித்தபின் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்த ஹெட்மாஸ்டருக்கு அவ்வளவுதான் விதி.

கட்டணம் இல்லாவிட்டால் யாரும் திருப்பித் தரமாட்டார்கள் என்ற வாதமும் அமெரிக்காவில் சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமதக் கட்டணத்தை ஒழித்தது. முதல் சில வாரங்களிலேயே திரும்பி வந்த புத்தகங்கள் இரு மடங்குக்கு மேல் கூடின. கூச்சத்தில் ஒளித்து வைத்திருந்தவர்கள் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நியூயார்க் 2021-ல் அதே வழியில் போனது. (தொலைத்தால் விலை கட்ட வேண்டும் என்ற விதி அங்கேயும் இருக்கிறது, அமெரிக்கர்களிடமும் பதிவேடு உண்டு.)

தெலங்கானா உட்படப் பல மாநிலங்களில் பள்ளி நூலகங்களோடு வேலை செய்யும் 'ரூம் டு ரீட்' அமைப்பு, புத்தகங்களைக் கடினத்துக்கு ஏற்ப நிறம் கொடுத்துப் பிரிக்கிறது. எழுத்துக்கூட்டும் குழந்தைக்கு ஒரு நிறம், சரளமாகப் படிப்பவருக்கு வேறு. முந்நூறு புத்தகங்களுக்கு நூலகவியல் எண்கள் தேவையில்லை, வண்ணக் காகிதமும் பசையும் போதும். இரவல் நோட்டை எழுத ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் இருவரை வைத்தால் ஆசிரியையின் நேரமும் மிஞ்சும். 2023 செப்டம்பரில் பிரதமர் தன் வானொலி உரையில் ஹைதராபாத்தின் ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் ஏழு நூலகங்கள் நடத்துவதைப் பாராட்டினார். ஏழு நூலகங்களை ஒரு சிறுமி பார்த்துக்கொள்ள முடியும்போது ஒரு பீரோவை இரண்டு பேர் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? கிழிந்ததை ஒட்ட வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒரு சுருள் டேப் போதும். தொலைத்த குழந்தை பணத்துக்குப் பதில் தனக்குத் தெரிந்த கதை ஒன்றை எழுதி, படம் வரைந்து, நூலில் தைத்துக் கொண்டுவரலாம். அதற்கும் வரிசை எண் கொடுத்து பீரோவில் வைக்கலாம். தணிக்கைக்காரர் என்ன சொல்வாரோ என்று ஆசிரியை பயப்படாமல் இருக்க, மேலே இருப்பவர் யாராவது ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்: ஆண்டுக்கு இத்தனை புத்தகம் வரை கேள்வி கிடையாது.

அதுவரை எல்லாம் காலண்டர்படி நடக்கும். தெலங்கானாவில் பள்ளிகள் ஏப்ரல் பிற்பகுதியில் மூடி ஜூன் 12 வாக்கில் திறக்கின்றன. ஏறக்குறைய ஏழு வாரம். வீட்டுப்பாடம் இல்லை, வெளியே வெயில், வீட்டுக்குள் செய்ய ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதிலும் ஒரு குழந்தைக்குக் கதைப் புத்தகம் அதிகம் தேவைப்படுவது அந்த ஏழு வாரத்தில். ஆண்டுக் கணக்கெடுப்பு வருவதும் அப்போதுதான். விடுமுறைக்கு முன்னால் வெளியே போன எல்லாப் புத்தகங்களும் திரும்பி வந்தாக வேண்டும். ஆசிரியை ஒவ்வொன்றாக எண்ணி, பதிவேட்டில் டிக் போட்டு, அடுக்கி, ஜூன் வரைக்கும் பூட்டிவிட்டு, சாவியை மேஜை டிராயரில் வைக்கிறார்.