சுவரில் பென்சில் கோடுகள்

எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரில் பென்சில் கோடுகள் ஏணிப்படிகளைப் போல் ஏறி நிற்கின்றன. வருவோர் அவற்றைக் கண்டு, "பேரப்பிள்ளையின் உயரமா, ஐயா?" எனக் கேட்பதுண்டு. அவை என் வலக்கை ஏறிய உயரம் என்று சொல்ல எனக்குச் சற்றே கூச்சம்.

2023ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், என் ஐம்பத்தேழாம் வயதில், வலத்தோள் இறுகத் தொடங்கியது. முதலில் வலி, பிறகு வலியினும் கொடிய விறைப்பு. சட்டை அணிய மனைவியின் துணை வேண்டியதாயிற்று. சிலுவை அடையாளம் வரைகையில் கை நெற்றிக்கு ஏறவில்லை. நெற்றியே கைக்கு இறங்கி வந்தது. வகுப்பறையில்தான் உண்மையான அவமானம். முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையின் மேல்விளிம்பில் தேதி எழுதிப் பழகியவன், கீழ்ப்பாதியில் மட்டும் எழுதலானேன். பின்வரிசை மாணவர்கள் எழுந்து நின்று படித்தனர். ஒருவரும் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நலமாயிருக்கும்.

இதற்கு 'உறைந்த தோள்' என்று பெயர். 1934இல் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் இட்ட பெயர். தோள்மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. என்னைப் போன்ற நீரிழிவுக்காரரிடம் இது மிகுதி. இளகுவதற்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம். வெந்நீர் ஒத்தடத்திற்குப் பின், குனிந்து நின்று கையைக் கடிகார ஊசல்போல் ஆட்டவேண்டும். பிறகு சுவரை நோக்கி நின்று, விரல்களைச் சிலந்திபோல் மேலே நடத்திச் செல்லவேண்டும். எட்டிய இடத்தில் நான் ஒரு கோடு போடுவேன்.

அந்தக் கோடே எனக்குப் பகையாயிற்று. மூன்று வாரம் ஏறியது, நானும் கர்வப்பட்டேன். நான்காம் வாரம் ஒரு காலை, முந்தைய நாள் கோட்டுக்கு மூன்று விரற்கடை கீழேயே கை நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. சினங்கொண்டு, பல்லைக் கடித்துக் கையை வலிந்து உந்தினேன். அதன் பயனாக நான்கு நாட்கள் தோளைத் தொடவும் இயலவில்லை. அத்துடன் பயிற்சியையே விட்டேன், பன்னிரண்டு நாட்கள். விடைத்தாள் திருத்தவேண்டும், தூக்கமில்லை... ஆசிரியனுக்குச் சாக்குகளுக்கா பஞ்சம்? மாணவரிடமே கற்றவை ஏராளம்.

இயன்முறை மருத்துவராகிய பெண், என் பழைய மாணவியரின் வயதிருக்கும், கடிந்துகொள்ளவில்லை. "சார், இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோடு போடுங்கள். மற்ற நாட்களில், செய்தீர்களா இல்லையா என்று காலண்டரில் குறித்தால் போதும்" என்றார். தூக்கம் கெட்ட நாளில் கை தாழ்வது இயல்பு. அன்றைக்கு ஊசலாட்டம் மட்டும் செய்தாலும் அது பயிற்சியே என்றார்.

மதிப்பெண் போட்டே வாழ்ந்தவனுக்கு மதிப்பெண் இல்லாத ஆறு நாட்கள் பெருஞ்சோதனை. தேர்வில் தவறிய பிள்ளை அன்று காய்ச்சலோடு வந்தானா என்று கேளாமலே சிவப்பு மையால் வட்டமிட்ட கை அல்லவா இது! சுவர் முன் நிற்கையில் சில முகங்கள் நினைவுக்கு வந்தன.

வெறுப்பான நாட்கள் குறைந்துவிடவில்லை. ஆயினும் பென்சிலை எடுக்கவேண்டாம் என்பதால் அந்நாட்களிலும் சுவர்முன் போய் நிற்க முடிந்தது. 2025 சனவரியில் ஒரு காலை, பலகையின் மேல்விளிம்பில் தேதியை எழுதினேன். எழுத்துகள் கோணலாகவே விழுந்தன. பின்வரிசையில் ஒருவரும் எழவில்லை.

அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்க வந்தவர், கோடுகளை அழித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இடக்கை எட்டிய உயரத்தில் முதல்நாளே இட்டுவைத்த கோட்டுக்கு இன்னும் இரண்டு விரற்கடை பாக்கி.