வாத்தியாருக்கு மட்டும் வேஸ்டேஜ் கிடையாதா?



போன வாரம் வில்லியனூரில் ஒரு கல்யாணத்தில் உறவுக்காரத் தம்பி கேட்டார்: "ஏண்ணே, ஐடிஐ வாத்தியாருங்க எல்லாம் இன்னும் கரும்பலகையையே கட்டிக்கிட்டு அழறீங்களே, கம்ப்யூட்டர்னா பயமா?" பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

பயம் உண்டு தம்பி. ஆனால் அது மிஷினைப் பார்த்து வருகிற பயம் இல்லை. மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் பார்த்துப் பழகியவனுக்கு ப்ரொஜெக்டர் ஒரு பெரிய விஷயமா?

பயம் இருப்புப் பதிவேட்டைப் பார்த்து. புதுச் சாமான் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்குபவர் பயிற்றுநர். பழுதானால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பீரோவில் பூட்டி வைத்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ப்ரொஜெக்டர் பல்பு போய்விட்டது. புது பல்புக்கான கோப்பு மேசை மேசையாகச் சுற்றி வருவதற்குள் அந்த பேட்ச் பிள்ளைகள் படிப்பையே முடித்துவிட்டார்கள்.

பயிற்சியும் கொடுத்தார்கள். மூன்று நாள், வெளியூரில், முழுக்க ஆங்கிலத்தில். திரும்பி வந்தால் கற்றுக்கொண்டதைச் செய்து பார்க்க இங்கே அந்த மிஷின் இல்லை.

வாத்தியார்கள் புதியதை ஏற்றதே இல்லையா? சென்னை கிண்டியில் 1986இல் ஜெர்மனி உதவியோடு நிமி நிறுவனம் தொடங்கினார்கள். தொழிற்பாடம், செய்முறை, பயிற்றுநர் கையேடு, சுவர்ப்படம் என்று பாடத்திட்டத்துக்குப் பொருந்தி வந்தது. தமிழிலும் வந்தது. கைக்கு உதவியதால் எடுத்துக்கொண்டோம்.

2020 ஊரடங்கையும் நினைத்துப் பாருங்கள். பாகூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த பயிற்றுநர்கள் லேத் டூல் தீட்டுவதைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். யாரும் பயிற்சி தரவில்லை. சொந்த போன், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத போன். தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ள அது போதுமாயிருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் பிள்ளைகள் செய்யும் முதல் ஜாப் பெரும்பாலும் ஸ்க்ராப்புக்குத்தான் போகும். அதற்கும் சேர்த்துத்தான் இரும்பு வாங்குகிறோம். வாத்தியாரும் புது மிஷினில் முதல் நாள் ஒரு மாணவர்தானே? அவருக்கு மட்டும் வேஸ்டேஜ் கிடையாது.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் பிள்ளைகள். சேதராப்பட்டில் வேலைக்குச் சேர்ந்த என் மாணவன் ஒருவன் சொன்னான்: "சார், சிஎன்சி மிஷினை அங்க போய்த்தான் முதல்ல தொட்டேன்." டர்னர் சான்றிதழ் கையில் இருந்தும் பல மாதம் ஹெல்ப்பராக நின்றான்.

பக்கத்தில் தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை ஏறக்குறைய 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டம் வந்தது. நல்ல விஷயம். நம் பக்கமும் எது வந்தாலும், கூடவே இரண்டு வேண்டும்: ரிப்பேருக்குப் பயிற்றுநர் கையில் சிறு தொகை, கற்கும்போது உடைந்தால் உடைந்தது என்று எழுதித் தள்ளும் மனசு.

தொழிற்சாலைகளில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை பக்கத்து ஐடிஐக்கு அனுமதி வாங்கிப் போங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் வேண்டாம். வகுப்பு முடிந்தபின் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்