பெரியப்பாவின் கண்ணாடித் தகடுகள்

2010-இல் நானும் என் மனைவியும் மகள் வீட்டுக்கு ஜெர்மனி போயிருந்தோம். மாப்பிள்ளைக்கு ஊல்ம் நகரத்தில் வேலை. ஐன்ஸ்டைன் பிறந்த ஊர். டான்யூப் ஆற்றைத் தாண்டினால் நொய்-ஊல்ம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, "மாமா, போட்டோ கண்காட்சி ஒண்ணு இருக்கு, உங்களுக்குப் பிடிக்கும், வாங்க" என்று அழைத்துப் போனார். பெரிய அரண்மனை மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். புர்லாஃபிங்கன் என்ற குடியிருப்புப் பகுதியில், வீடுகளோடு வீடாக ஒரு வெள்ளைக் கட்டிடம், கொடி படர்ந்த ஒரு வீடு, கறுப்பாக இன்னொரு வீடு. அவ்வளவுதான்.

எல்லாம் ஆர்த்தூர் வால்தர் என்பவருடையது. அந்தப் பக்கத்துக்காரர்தான். அமெரிக்கா போய் கோல்ட்மன் சாக்ஸில் பங்குதாரர் ஆகி, 1994-இல் வேலையை விட்டுவிட்டார். நானும் வங்கிக்காரன்தான், ஆனால் ஓய்வு பெற்ற பிறகு நான் வாங்கியது ஒரு சாய்வு நாற்காலி. அவர் முதலில் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். பிறகு சேகரிக்க ஆரம்பித்தார். முதலில் ஜெர்மன்காரர்கள் எடுத்த படங்கள். தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் வரிசையாக எடுத்த பெஹர் தம்பதி, எல்லாத் தொழில்காரர்களையும் நிற்க வைத்து எடுத்த ஆகஸ்ட் சாண்டர். அதன் பிறகு ஆப்பிரிக்கா, சீனா என்று போய்விட்டார். நான் பார்த்தது அங்கே நடந்த முதல் கண்காட்சி. அமைத்தவர் நைஜீரியாவில் பிறந்த ஒக்வுயி என்வேசர்.

அங்கேதான் செய்டு கெய்த்தாவின் படங்களைப் பார்த்தேன். பார்த்ததும் நின்றுவிட்டேன். மாலி நாட்டின் பமாக்கோவில் 1948-இல் ஸ்டுடியோ திறந்தவர். ஆரம்பத்தில் தன் படுக்கை விரிப்பையே பின்னால் திரையாகக் கட்டினாராம். வருகிறவர்களுக்குக் கைக்கடிகாரம், ரேடியோ, கோட்டு எல்லாம் ஸ்டுடியோவே கொடுக்கும். ஃபிலிம் விலை அதிகம், ஆளுக்கு ஒரே 'க்ளிக்'.

இதெல்லாம் எனக்குப் புதிதா? கும்பகோணத்தில் என் பெரியப்பா ஸ்டுடியோவில் ஒரு கோட்டு தொங்கும். பல பேருக்கு அதுதான் கல்யாணக் கோட்டு. மேசை மேல் ஓடாத டைம்பீஸ், பிளாஸ்டிக் ரோஜா, பின்னால் அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரை. "மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் போய்விடுவார்.

1978-இல் பெரியப்பாவுக்குக் கண் மங்கி, ஸ்டுடியோவை மூடினோம். கடையை ஒழித்துக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. எனக்கு 28 வயது. தொள்ளாயிரத்துச் சொச்சம் கண்ணாடித் தகடுகள் இருந்தன. படத்துக்குச் சட்டம் போடும் கடைக்காரர் ஒருவர் வந்து, தகடு 25 பைசா என்று எடுத்துக்கொண்டார். வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊற வைத்தால் மேல்பூச்சு வழிந்துவிடும், சுத்தமான கண்ணாடி கிடைக்கும். 230 ரூபாயைப் பெரியப்பா கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் மடியில் முடிந்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து வருஷம் கழித்து ஒரு அம்மாள் வீடு தேடி வந்தார். புருஷன் போய்விட்டார், இருந்த ஒரே படமும் மழையில் ஒட்டிப்போய்விட்டது. "பிளேட்டு இருந்தா இன்னொரு காப்பி போட்டுக் கொடுங்க தம்பி" என்றார். "பழசெல்லாம் போயிடுச்சும்மா" என்றேன். விற்றது நான்தான் என்று சொல்லவில்லை. உள்ளே கட்டிலில் படுத்திருந்த பெரியப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

கெய்த்தா தன் நெகட்டிவ்களைக் காப்பாற்றி வைத்திருந்தார். 1962-இல் அரசாங்கப் புகைப்படக்காரர் ஆனார், பிறகு ஸ்டுடியோவும் மூடப்பட்டது. ஆனால் ஆயிரக்கணக்கில் நெகட்டிவ்கள் பத்திரமாக இருந்தன. 1991-இல் நியூயார்க்கில் அவருடைய படங்களைக் காட்டியபோது எடுத்தவர் பெயர் தெரியாது என்றுதான் எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆளைத் தேடி பமாக்கோ போனார்கள். 1994-இல் பாரிசில் தனிக் கண்காட்சியே நடந்தது. அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது.

பணக்காரர்கள் படம் வாங்குவதில் வியாபாரமும் உண்டு, பெருமையும் உண்டு. ஏழை நாட்டுப் படங்கள் எல்லாம் பணக்கார ஊருக்கே போய்ச் சேருகின்றன என்ற வருத்தம் எனக்கும் இருக்கிறது. ஆனாலும் வால்தரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வாங்கினார், நான் விற்றேன். 2025-இல் தன் சேகரிப்பிலிருந்து சுமார் 6,500 படங்களை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாக உறுதியளித்திருக்கிறார் என்று மாப்பிள்ளை செய்தி அனுப்பினார்.

தகடுகள் போனாலும் பெரியப்பாவின் ஆர்டர் நோட்டு இரண்டு என்னிடம் இருக்கின்றன. தகடு எண், பெயர், தெரு, எத்தனை காப்பி, பாக்கி எவ்வளவு என்று எழுதியிருக்கிறார். பாக்கி வைத்தவர்கள் நிறைய. கும்பகோணத்துக்காரர்கள் யார் வீட்டிலாவது, பின்பக்கம் பென்சிலில் எண் எழுதி, வட்ட முத்திரை குத்திய பழைய படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எண்ணைச் சொன்னால் நோட்டில் தேடிப் பார்த்துச் சொல்கிறேன். பாக்கி கேட்கமாட்டேன்.